ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு மாட்யூல்

கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி, இந்த சீட்டத் துடைச்சுக்கிடுதேன். சீ! பாத்தேளா, எவனோ முறுக்கத் தின்னுட்டு எண்ணெய்க் கையை இதுல தேய்ச்சு வச்சிருக்கான். சவம், கைக்குட்டையே நாறிப் போச்சு. டவுன் பஸ்னாலே எனக்குக் குமட்டும். பதினோரு வருஷமா ஆபீஸ் ஜீப்புல போயி வந்த உடம்பு இது.

நானா? குருவிமலைப்பட்டி வரைக்கும். அங்க கவர்மென்ட் ஹைஸ்கூல் இருக்குல்லா, அங்கதான். ஆமா, வாத்தியார். இங்கிலீஷ். பேரு ஞானசிகாமணி. ஆனா சும்மா வாத்தியார்னு நினைச்சிராதீங்க. நான் வாத்தியார்மாருக்கு வாத்தியாரு. கருத்தாளர்னு சொல்லுவாவ. ஹைஸ்கூல்ல இங்கிலீஷ் நடத்துதவங்களைக் கூட்டி உக்கார வச்சு, எப்படி நடத்தணும்னு சொல்லிக் குடுக்கது என் வேலை. ஆலோசனை, வழிகாட்டுதல். பதினோரு வருஷம் ஒரு வகுப்புக்குள்ள காலெடுத்து வைக்கல. ஒரு புள்ளை மூஞ்சியில முழிக்கல. நிம்மதியா இருந்தேன்.

அந்த நிம்மதி போச்சு. இன்னைக்கு முதல் நாள், வகுப்புக்குத் திரும்பிப் போறேன். ஐம்பத்திமூணு வயசுல. எல்லாம் ஒருத்தியால. செண்பகவடிவுன்னு பேரு. நினைச்சாலே வாயெல்லாம் கசக்கு.

நீங்க எதுவரைக்கும்? பத்திரிகை வைக்கவா? நல்லது, நல்லது. பொண்ணுக்கா? சரி, போற வரைக்கும் கேளுங்க. யாருகிட்டயாவது சொல்லலன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சிரும்.

ஜூன் மாசம் மூணு நாள் பயிற்சி. எண்பது இங்கிலீஷ் டீச்சருங்க. அந்தக் கண்றாவிய என்னன்னு சொல்ல! பத்து மணிக்கு ஆரம்பம்னா பத்தரைக்கு வந்து கையெழுத்துப் போடுதாவ. பதினோரு மணிக்கு டீயும் போண்டாவும். கல்யாண வீட்டுப் பந்திக்குக்கூட அப்படி ஓட மாட்டாவ. ஒரு மனுஷன், நல்ல சர்வீஸ் உள்ளவரு, ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம் இருக்கவரு, நான் உக்காந்து உக்காந்து தயார் பண்ணின கையேடு இருக்குல்லா, அதைக் கிழிச்சு போண்டா எண்ணெயை ஒத்தி எடுக்காரு அண்ணாச்சி. என் கண்ணு முன்னாலயே! இவங்கதான் நாட்டுல புள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்காவ. வெளங்குமா?

நான் அதையெல்லாம் பொறுத்துக்கிட்டுச் சொல்லிக்கிட்டே போறேன். சுவர்ல வண்ண சார்ட் ஒட்டுங்க. புள்ளைகளை வட்டமா உக்கார வைங்க. ஒரு நூல்கண்ட உருட்டி விடுங்க. யாரு கைக்குப் போகுதோ அந்தப் புள்ளை எந்திரிச்சு தன்னைப் பத்தி அஞ்சு வாக்கியம் இங்கிலீஷ்ல சொல்லணும். நல்ல செயல்பாடு. பதினோரு வருஷமா இதத்தான் சொல்லுதேன். ஒருத்தரும் ஒரு குறை சொன்னதில்ல.

அப்பதான் அவ, அந்தச் செண்பகவடிவு, எந்திரிச்சா. கடைசிக்கு முந்துன பெஞ்சு. முப்பத்தஞ்சு வயசு இருக்கும். கசங்குன சேலை, கையில ஒரு துணிப்பை. "சார், ஒரு சந்தேகம்"ங்கா.

"கேளுங்க டீச்சர்."

"என் ஒன்பதாங்கிளாஸ்ல முப்பத்தொரு புள்ளைங்க சார். அதுல பதினாலு பேருக்கு ஏ பி சி டி வரிசையா வராது. நூல்கண்டு அந்தப் புள்ளை கைக்கு வந்துட்டா, அது எந்திரிச்சு என்ன சார் சொல்லும்?"

"நாமதான் மோட்டிவேட் பண்ணணும் டீச்சர்."

"பண்ணிட்டேன் சார். அதுக்கப்புறம்?"

"தன்னம்பிக்கை ஊட்டணும்."

"ஊட்டிட்டேன் சார். அதுக்கப்புறம்?"

அண்ணாச்சி, எண்பது பேரும் கொல்லுன்னு சிரிச்சிட்டாவ. அந்த போண்டாக்காரரு சத்தமாவே சொல்லுதாரு, "சொல்லுதவனுக்கு வாய்ச்சொல்லு, செய்யுதவனுக்குத் தலைச்சுமை"ன்னு. எனக்குக் காதெல்லாம் சூடாயிட்டு. அவ சிரிக்கல, அதையும் சொல்லிருதேன். பேனாவைப் பிடிச்சுக்கிட்டு என் வாயையே பாத்துக்கிட்டு நிக்கா, நான் ஏதோ சொல்லப் போறேன், எழுதிக்கிடலாம்னு. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கேலி பண்ணிருந்தா நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

போதாத காலம், அன்னைக்குன்னு பாத்து புதுசா வந்த பெரிய ஆபீசரம்மா பின்னால நின்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்காவ. சாயங்காலம் கூப்பிட்டு விட்டாவ. "ஞானசிகாமணி, இந்த வருஷம் கருத்தாளர்கள்ல யாரால டீச்சருங்களுக்குப் பிரயோசனம்னு பாக்கப் போறேன். பிரயோசனம் இல்லாதவங்க பள்ளிக்கூடத்துக்கே திரும்பிரலாம்"னாவ. சிரிச்ச முகமாத்தான் சொன்னாவ. எனக்கு அன்னைக்குச் சோறு இறங்கல. பள்ளிக்கூடம்னா என்ன, ஒன்பதாங்கிளாஸ்தான். நாப்பத்தஞ்சு நிமிஷம் பீரியடு. முப்பது நாப்பது புள்ளைங்க. மனுஷன் போவானா?

சரின்னு ஜூலையில அவ பள்ளிக்கூடத்துக்கே போனேன். இந்தக் குருவிமலைப்பட்டிக்குத்தான். பள்ளிக்கூடத்துக்கே போயி உதவி பண்ணுதது எங்க வேலையில ஒண்ணு. உதவி பண்ணத்தான் போனேன், கெட்ட எண்ணமெல்லாம் இல்ல. எங்க குறை இருக்குன்னு எழுதினாத்தானே சரி பண்ண முடியும்?

உள்ள நுழைஞ்சேன் பாருங்க, சீச்சீ! வகுப்பா அது, மாட்டுத்தாவணியா? ஒரே இரைச்சல். முதல் பெஞ்சுல ஒருத்தன் மூக்கு ஒழுகி வாய் வரைக்கும் வந்துட்டு. இவ அதைத் தன் முந்தானையால துடைச்சு விடுதா. எனக்குக் கண்ண மூடிக்கிடலாம் போல இருந்துது. சரி, போர்டைப் பாப்போம்னு திரும்புனா, அதுக்கு மேல அசிங்கம். போர்டு பூராத் தமிழு. ஆனா இங்கிலீஷ் எழுத்துல! "சாப்டியா", "எங்கல இருக்க", "ஆட்டைக் கட்டிட்டு வாரேன்", எல்லாம் இங்கிலீஷ் எழுத்துல. போன்ல பயலுவ அனுப்புவானுவல்லா, அந்தக் கருமம். அரசாங்கப் பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில! தமிழும் கெட்டுது, இங்கிலீஷும் கெட்டுது.

"என்ன டீச்சர் இது அநியாயம்?"னு கேட்டேன்.

"ஏ பி சி டி வரிசை சொல்லத் தெரியாத புள்ளைங்க எல்லாம் அம்மா போன்ல மெசேஜ் அனுப்புது சார். எழுத்தோட பேரு தெரியல, கைக்குத் தெரியுது. அதைப் பிடிச்சுக்கிட்டுப் போலாம்னு பாக்கேன். இந்த வாரம் முழுசும் தமிழ். அடுத்த வாரம் ஒவ்வொரு வரியிலயும் ஒரு வார்த்தை இங்கிலீஷா மாத்துவேன். அப்புறம் ரெண்டு. இது நானா யோசிச்சது சார், சரியா தப்பான்னு நீங்கதான் சொல்லணும்"ங்கா.

அந்த மூக்கு ஒழுகுன பயலை எந்திரிக்கச் சொன்னேன். இசக்கிராஜோ என்னமோ. படில போர்டைன்னேன். நாலு வரியும் படிச்சான். அடுத்த வாரத்துக்குன்னு ஓரத்துல ரெண்டு இங்கிலீஷ் வார்த்தை எழுதி வச்சிருந்தா, அதையும் படிச்சான். படிச்சான், அது வேற விஷயம். முறைன்னு ஒண்ணு வேண்டாமா அண்ணாச்சி?

அதுக்குப் பிறகு ஒண்ணு சொன்னா பாருங்க. "சார், ஒரு பத்து நிமிஷம் நீங்க எடுங்களேன். நான் பாத்துக் கத்துக்கிடுதேன்." சாக்பீஸை நீட்டுதா. முப்பத்தொரு புள்ளையும் என்னையே பாக்கு. எனக்கு இன்னொரு பள்ளிக்கூடம் பாக்க வேண்டியிருந்துது. ஜீப்பு வேற வெளிய நிக்கு. டிரைவர் காத்துக்கிட்டு இருப்பாரேன்னு வந்துட்டேன். வர்ற வழியில போர்டை மட்டும் ரெண்டு போட்டோ எடுத்துக்கிட்டேன், ரிப்போர்ட்டுக்கு ஆதாரம் வேணும்லா.

ரிப்போர்ட்டுல என்ன எழுதுனேன்? உள்ளதைத்தான். வகுப்புல ஒழுங்கு இல்ல. கரும்பலகைப் பயன்பாடு பாடத்துக்குச் சம்பந்தம் இல்லாதது. மேசையில குவிச்சு வச்சிருக்க நோட்டுகள் சிவப்பு மையால திருத்தப்படல. ஆசிரியைக்குக் கூடுதல் ஆலோசனை தேவை. அவ்வளவுதான். மாத்துங்கன்னு நான் எழுதல. ஆபீஸ்ல நிர்வாகக் காரணம்னு போட்டு அவளை அறுபது கிலோமீட்டர் தள்ளி மலையடிவாரத்துல ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாத்திட்டாவ. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? ரெண்டு சின்னப் புள்ளை இருக்காம் அவளுக்கு. எல்லாருக்கும்தான் புள்ளைகுட்டி இருக்கு.

ஆகஸ்டுல மாவட்டக் கூட்டம். பெரிய ஆபீசரம்மா முன்னால ஒவ்வொரு கருத்தாளரும் புதுசா ஒரு வழிமுறை சொல்லணும்னு உத்தரவு. நூல்கண்டைச் சொன்னா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவாவ. ராவும் பகலும் யோசிக்கேன், ஒண்ணும் வரல. கடைசியில போன எடுத்து அந்த போட்டோவைப் பாத்தேன்.

நீங்க அப்படிப் பாக்காதீங்க அண்ணாச்சி. திருட்டுன்னு சொல்லுவீங்களா? கரும்பலகையில எழுதினது நாலு பேரு பாக்கத்தானே? அவ அதுக்கு ஒரு பேருகூட வைக்கல. நான் பேரு வச்சேன், பாலம் மாட்யூல்னு. படம் போட்டு, அம்புக்குறி போட்டு, வாரம் ஒண்ணு வாரம் ரெண்டுன்னு பிரிச்சு, கலர் கலரா இருபது ஸ்லைடு. உழைப்பு யாரோடது? சொல்லுங்க.

பயிற்சிக்கு வந்த டீச்சருங்களையும் அன்னைக்கு ஹாலுக்குக் கூட்டியிருந்தாவ, நல்லவேளை அவ மட்டும் வரல. எல்லாரும் எழுதுதாவ. அந்த போண்டாக்காரரு, அந்த மனுஷன் எந்திரிச்சு, "இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல இன்னைக்குத்தான் சார் பிரயோசனமா ஒரு யோசனை கேட்டேன்"னு சொல்லுதாரு. கண்ணு கலங்கிட்டு அவருக்கு. எனக்கும் கொஞ்சம் கலங்குச்சு, மறைக்கல. பெரிய ஆபீசரம்மா கை தட்டுனாவ. நாற்காலி தப்பிச்சுதுன்னு நினைச்சேன். போற வழியில பிள்ளையாருக்கு ஒரு தேங்கா விடலை போட்டேன்.

பத்து நாள்ல போன் வர ஆரம்பிச்சுது. "சார், முதல் வாரம் நல்லாப் போச்சு சார். புள்ளைங்க ஆசையா எழுதுது. ரெண்டாவது வாரம் வார்த்தை மாத்துனோம், ரெண்டு நாள்ல சலிச்சுப் போச்சு. அதுக்கப்புறம் என்ன சார் செய்யணும்?" ஒருத்தர் இல்ல, இருபது பேரு. "தொடர்ந்து செய்யுங்க"ன்னு சொன்னேன். "எப்படி சார் தொடர்ந்து?" "ஆர்வமாத் தொடருங்க." நச்சரிப்பு தாங்காம போனை அணைச்சு வச்சேன். ஒரு யோசனை குடுத்தா மிச்சத்தைத் தானா யோசிக்கத் துப்பில்ல. தூ!

அவங்க நேரா பெரிய ஆபீசரம்மாகிட்டப் போயிட்டாவ. அந்தம்மா என்னை வரச்சொன்னாவ. வசவு விழும்னு பயந்துக்கிட்டுப் போனா, ஒரே சந்தோஷமா இருக்காவ! "ஞானசிகாமணி, அருமையான முறை. ஆனா டீச்சருங்களுக்கு முழுசா ஒரு வருஷம் நடத்திக் காட்டுனாத்தான் புரியும். யாரு நடத்திக் காட்டுனா பொருத்தமா இருக்கும்? கண்டுபிடிச்சவருதானே! குருவிமலைப்பட்டியில இங்கிலீஷ் போஸ்ட் காலியா இருக்கு. உங்க ரிப்போர்ட்டப் பாத்தேன், ரொம்ப மோசமான பள்ளிக்கூடம்னு எழுதியிருக்கீங்க. அங்கயே செஞ்சு காட்டுங்க. ஒன்பதாம் வகுப்பு. மாசா மாசம் எல்லாரையும் கூட்டிட்டு வந்து காட்டுதேன்"னு சொல்லி ஆர்டரைக் கையில குடுத்துட்டாவ. நன்றி மேடம்னு வாங்கிட்டு வந்தேன். வேற என்ன சொல்ல? சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டேன் அண்ணாச்சி.

என் வீட்டுக்காரி கேக்கா, "நீங்க கண்டுபிடிச்ச முறைதானே, பின்ன ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"ன்னு. சட்டையை இஸ்திரி போட்டு வையின்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன்.

நேத்து மானத்தை விட்டு செண்பகவடிவுக்கு போன் போட்டேன். எடுக்க மாட்டான்னு நினைச்சேன். முதல் மணியிலயே எடுத்துட்டா. "டீச்சர், குருவிமலைப்பட்டிக்கு என்னைப் போட்டிருக்கு. அந்த ரெண்டாவது வாரத்துக்கு மேல..."ன்னு இழுத்தேன். கத்துவா, காறித் துப்புவான்னு காத்துக்கிட்டு இருந்தேன் அண்ணாச்சி. நானா இருந்தா அதத்தான் செஞ்சிருப்பேன்.

"நல்லதாப் போச்சு சார். புள்ளைங்க ஆளில்லாமக் கிடக்குன்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன். எழுதிக்கிடுதீங்களா?"ங்கா.

நாப்பது நிமிஷம் பேசுனா. அந்த ரிப்போர்ட்டப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. என்ன நெஞ்சழுத்தம் பாருங்க! "போர்டு ஒண்ணும் இல்ல சார், நோட்டுதான் எல்லாம்"ங்கா. ஒவ்வொரு புள்ளையும் தினம் ஒரு மெசேஜ் நோட்டுல எழுதி மேசையில வைக்குமாம். இவ சாயங்காலம் உக்காந்து முப்பத்தொண்ணுக்கும் பக்கத்துலயே இங்கிலீஷ்ல பதில் எழுதுவாளாம். சின்னச் சின்ன வாக்கியமா. மறுநாள் பதிலைப் படிக்கணுமேன்னுதான் புள்ளைங்க படிக்கக் கத்துக்கிட்டுதாம். "தப்பத் திருத்தக் கூடாது சார். சிவப்பு மை வேண்டாம். நாம சரியா எழுதுனா, பாத்து அதுவா மாத்திக்கிடும்"ங்கா. அந்தக் குவிச்சு வச்சிருந்த நோட்டுதான் அது. திருத்தலைன்னு நான் எழுதினேன்லா, அது.

பிறகு ஒவ்வொரு புள்ளையாச் சொல்லுதா. மாடத்தியச் சத்தமாப் படிக்கச் சொல்லாதீங்க, திக்கும், நோட்டுல நாலு பக்கம் எழுதுவா. இசக்கிராஜுக்கு அவங்க அய்யா கேரளாவுல இருக்காரு, அவரைப் பத்திக் கேட்டு எழுதுங்க, அவன் பதில் போடாம இருக்க மாட்டான். இப்படி முப்பத்தொண்ணு. கடைசியா, "சார், ஒண்ணே ஒண்ணு. நான் வந்த பிறகும் புள்ளைங்க எழுதி எழுதி மேசையில வைக்குதாம், ஹெச்.எம். சொன்னாரு. ஆறு வாரமா ஒருத்தரும் பதில் போடல. போனதும் முதல்ல அதுக்குப் பதில் எழுதிருங்க சார்"னு சொல்லிட்டு வச்சிட்டா.

அவ சொல்லச் சொல்ல நான் எழுதின தாள் பையில இருக்கு. ஏழு பக்கம். நேத்துலருந்து பிரிச்சே பாக்கல.

அண்ணாச்சி, உங்ககிட்ட மட்டும் சொல்லுதேன். எனக்குப் பயமா இருக்கு. முப்பத்தொரு புள்ளைக்குத் தினம் பதில் எழுத என்னால ஆகாது. என் இங்கிலீஷ் ஸ்லைடுல போடுத இங்கிலீஷ். வரிக்கு வரி பாத்துத்தான் போடுவேன். ஒரு புள்ளை எங்கய்யா எப்ப வருவாருன்னு எழுதி வச்சா, அதுக்கு நான் என்னத்த எழுத?

என்ன கண்டக்டர்? அதுக்குள்ள வந்துட்டா? இருங்க, இருங்க.

அந்தா பாருங்க ஸ்டாப்புல. என்ன கூட்டம் அது? யூனிபாரம். சீ, இந்த வெயில்ல... ஆளுக்கொரு நோட்டோட நிக்குதுங்க. ஹெச்.எம். வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்க மாட்டாரு, இந்த பஸ்ல வாரேன்னு சொல்லிட்டாரு. அறிவில்ல அந்த மனுஷனுக்கு.

அண்ணாச்சி, கொஞ்சம் முன்னால சாஞ்சு உக்காருங்க. ஜன்னலை மறைச்சாப்புல. ஆமா, அப்படி.

கண்டக்டர், எனக்கு இங்க இல்ல. தெரியும்யா, டிக்கெட் இங்க வரைக்கும்தான். கடைசி ஸ்டாப்புக்கு ஒண்ணு குடுங்க. எந்த ஊரா இருந்தா என்ன, குடுங்க. விசிலடிச்சு வண்டிய எடுங்கய்யா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்!

என்ன கேக்கு அந்தப் புள்ளை? இங்கிலீஷ் சார் வந்திருக்காரான்னா? இல்லைன்னு சொல்லுங்க. அண்ணாச்சி, அந்த நோட்டை வாங்காதீங்க. ஜன்னல் வழியா நீட்டுனா வாங்கணுமா? வாங்கிட்டேளா... வண்டி வேற எடுத்துட்டான்.

பிரிக்காதீங்க. என்ன எழுதியிருக்குன்னு எனக்குச் சொல்ல வேண்டாம்.